நல்ல வார்த்தை மட்டும்

எழுத்துகளைக் குலைத்துப் போட்டு மனிதர்களைத் திண்டாட வைப்பதுதான் என் தொழிலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் கடைசிப் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, ‘கலைந்த சொற்கள்’ என்று ஒரு கட்டம் வரும். ஐந்தாறு எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று கொடுப்பேன். வாசகர்கள் அவற்றை அடுக்கிச் சொல்லாக்கி, சொல்லுக்குப் பொருளும் எழுதி அனுப்ப வேண்டும். பிறகு ஒரு காலம் வந்தது. வாசகர்கள் கட்டத்தைப் போனில் படம் எடுத்தார்கள், போன் விடை சொன்னது. ஆசிரியர் யோசித்துப் பார்த்துவிட்டு, புதிரையும் போனையே போடச் சொன்னார். போன் போட்ட புதிரைப் போனே தீர்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு நடுவில் பெனசீர் என்று ஒருத்தி எதற்கு என்று அவருக்குத் தோன்றியதில் தப்பில்லை. பூங்கொத்து கொடுத்து மரியாதையாகத்தான் அனுப்பினார்.

அப்படித்தான் ‘மறுமொழி’ நிறுவனத்தில் சேர்ந்தேன். திருச்சியில் அவர்களுக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் இருந்தது. பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களைப் பேச வைப்பதாக அந்தக் கட்டடத்தின் மேலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

விஷயம் உண்மையில் எளிமையானது. பேச்சு போனவர்களுக்கு உள்ளே சொல் இருக்கிறது. வெளியே வரும் வழியில் அது உடைந்து, எழுத்து எழுத்தாகச் சிதறிவிடுகிறது. தலையில் குல்லா மாதிரி ஒரு பட்டையைக் கட்டினால் அது இந்தச் சிதறலைப் பிடித்து ஒரு பெட்டிக்கு அனுப்பும். பெட்டி எழுத்துகளை அடுக்கிச் சொல்லாக்கி, அந்த மனிதரின் பழைய குரலிலேயே சொல்லும். குரலைக் கல்யாண வீடியோவிலிருந்தும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளிலிருந்தும் எடுத்துக்கொள்வார்கள். நாட்டில் கல்யாண வீடியோவுக்கு ஒரு பயன் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரே ஒரு சிக்கல். பெட்டிக்கு எழுத்து தெரியும், மனிதரைத் தெரியாது. ஆகவே முதல் ஒரு மாதம் வீட்டு மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் கையில் இரண்டு பொத்தான்கள் கொடுப்பார்கள். பெட்டி சொன்ன சொல்லை நோயாளி சொல்லியிருப்பார் என்றால் பச்சை. சொல்லியிருக்க மாட்டார் என்றால் சிவப்பு. ஒரு சொல்லுக்குத் திரும்பத் திரும்பச் சிவப்பு விழுந்தால் பெட்டி அதை மறந்துவிடும். அப்புறம் அந்த எழுத்துகள் வந்தாலும் கண்டுகொள்ளாது. வேறு சொல் வரும்வரை காத்திருக்கும்.

அந்த மாதம் முழுக்கக் கூடவே இருந்து வழிகாட்டுவதுதான் என் வேலை. கையில் ஒரு சின்னத் திரை தருவார்கள். பெட்டி அடுக்குவதற்கு முன்னால் எழுத்துகள் எப்படி வருகின்றனவோ அப்படியே அதில் தெரியும். பெட்டிக்கு முன்னால் நான் அடுக்கிவிடுவேன். இத்தனை வருஷப் பழக்கம் போகுமா?

உறையூரில் ஒரு வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். நோயாளியின் பெயர் திருஞானம். கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகங்களிலேயே காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘கொடுக்கும் அலுவலகம்’ என்று நான்தான் சொல்கிறேன். அவர் கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை. வரைபடத்தை விரித்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, “முடியாது” என்பாராம். லஞ்சமும் வாங்க மாட்டார், அனுமதியும் கொடுக்க மாட்டார். இரண்டில் ஒன்றையாவது செய்யக் கூடாதா என்று ஊரில் பாதிப்பேர் அழுதிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வாய்க்குத்தான் நான்கு மாதமாகப் பூட்டு விழுந்திருந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. கண் மட்டும் பழைய அதிகாரியாகவே இருந்தது.

பொத்தான்களை வாங்கிக்கொண்டவர் அவர் மனைவி சௌந்தரவல்லி அம்மா. அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் அரிசி தீர்ந்ததே கிடையாது, ‘நிறைந்து’தான் போகும். விளக்கு அணையாது, ‘மலையேறும்’. தாலிக்கயிறு இற்றுப்போனால் ‘பெருகிடுச்சு’ என்பார். நம் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள பழக்கம்தான். ஆனால் அம்மா அதில் முனைவர் பட்டம் வாங்கியவர். கெட்ட வார்த்தை என்று அவர் சொல்வது வசவை அல்ல. வசவு அவருக்கு நன்றாகவே வரும்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை காலை. பட்டையைக் கட்டி, பெட்டியை முடுக்கினேன். என் திரையில் ‘லை’ வந்தது, ‘இ’ வந்தது, ‘ல்’ வந்தது. பெட்டி ஒரு நொடி யோசித்தது. பிறகு, நான்கு மாதம் கழித்து, திருஞானத்தின் கரகரத்த குரல் அந்த அறையில் கேட்டது.

“இல்லை.”

அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு சிவப்பை அமுக்கினார்.

“ஏம்மா, தப்பாச் சொல்லுதா?”

“சரியாத்தான் சொல்லுது. அவரு குரலேதான்.”

“பின்ன ஏன் சிவப்பு?”

“நாலு மாசம் கழிச்சு வாயத் தொறக்கிற மனுஷன், முதல் வார்த்தை இதானா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா. நல்ல வார்த்தையாச் சொல்லச் சொல்லு பாப்பா.”

“அம்மா, இது நல்லது கெட்டது பாக்கிற பொத்தான் இல்லைங்க. அவர் சொன்னாரா, சொல்லலையா, அவ்வளவுதான்.”

“அது உங்க ஆபீசுக்கு. வீடுன்னா நாலு தேவதை சுத்திக்கிட்டே இருக்கும். நாம எதைச் சொன்னாலும் ‘அப்படியே ஆகட்டும்’னு சொல்லிட்டுப் போயிரும். படுத்துக் கெடக்கிற மனுஷன் ‘இல்லை இல்லை’ன்னா என்ன ஆகும்? நீயே சொல்லு.”

எங்கள் வீட்டிலும் அம்மா வாயிலிருந்து சில சொற்கள் வரவே வராது.

அந்த மாதத்தில் சிவப்பு வாங்கிய சொற்களை இப்போது நினைத்தாலும் எனக்கு வரிசையாக ஞாபகம் வருகிறது. ‘போதும்’ சிவப்பு, ஏனென்றால் சோறு போடுகிறவள் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா. ‘முடியாது’ சிவப்பு, அதை ஆபீசோடு விட்டிருக்க வேண்டும். ‘வேண்டாம்’ சிவப்பு. ‘பயம்’ சிவப்பு. ‘வலி’ என்று ஒரு நாள் நாலைந்து முறை வந்தது. அம்மா நாலைந்து முறையும் அமுக்கினார். பிறகு எழுந்து போய் விபூதி எடுத்து வந்து அவர் நெற்றியில் பூசிவிட்டு, “ஒண்ணுமில்லைங்க, எல்லாம் சரியாப் போயிரும்” என்றார். ‘சாவு’ ஒரே ஒரு தடவை வந்தது. அன்று அம்மா பெட்டியையே பிடுங்கிப் போட்டுவிட்டார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. என் மேலாளர் ரெஜினால்டுக்குப் போன் செய்தேன். திருச்சி மேலப்புதூர்க்காரர், பழகுவதற்கு இனிமையானவர். எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் நன்றி சொல்வார்.

“சார், அந்தம்மா அவர் சொல்றதை வடிகட்டுறாங்க. வலின்னா சிவப்பு, வேண்டாம்னா சிவப்பு.”

“நல்ல கவனிப்பு பெனசீர், நன்றி. திருப்தி மதிப்பெண் எவ்வளவு குடுத்திருக்காங்க?”

“அஞ்சுக்கு அஞ்சு.”

“அப்புறம் என்ன?”

“மதிப்பெண் குடுத்தது அவங்க சார். பேச வேண்டியது அவரு.”

“பாருங்க, அவரை நாற்பது வருஷமாத் தெரிஞ்சவங்க அவங்க. அவரு எதைச் சொல்லியிருப்பாருன்னு நமக்குத் தெரியுமா, அவங்களுக்குத் தெரியுமா? வீட்டாரே இறுதி. பயிற்சில முதல் நாளே சொல்லிக் குடுத்திருப்பாங்களே.”

சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுவரில் ஒட்டியும் இருந்தார்கள்.

மாதம் முடிந்தபோது திருஞானம் தங்கமான மனிதராகிவிட்டார். “நல்லது” என்றார். “சந்தோஷம்” என்றார். ரசம் எப்படி என்றால் “அருமை” என்றார். காலமெல்லாம் அந்த ரசத்தைக் குறை சொல்லியே சாப்பிட்டவராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, வியாதி மனுஷனை எப்படிப் பக்குவப்படுத்திவிடுகிறது என்று மூக்கில் விரலை வைத்தார்கள். ஒரு கட்டடக்காரர் பழக்கூடையோடு வந்தார். அந்தக் காலத்தில் சாரிடம் மூன்றாவது மாடி கேட்டுச் செருப்பு தேய்ந்தவர். “சார், அந்த மூணாவது மாடி...” என்று விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். பெட்டி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு “சரி” என்றது. மனிதர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ‘சரி’க்கு முன்னால் ‘மு’வும் ‘டி’யும் ‘யா’வும் ‘து’வும் எத்தனை தரம் வந்து வந்து போயின என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பெட்டி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தனக்குத் தெரிந்த சொல் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. பொறுமையில் பெட்டியோடு யார் போட்டி போட முடியும்? கடைசியில் களைத்துப் போய் அவர் ‘ச’, ‘ரி’ என்று நினைத்துவிடுவார். உடனே பெட்டி கணீரென்று பேசும்.

நிறுவனத்துக்குத் திருஞானத்தைப் பிடித்துப் போனது. மதிப்பெண்ணில் முதல் இடம். மாதம் முடிந்தும் என்னை அந்த வீட்டுக்கே தொடர்ந்து அனுப்பினார்கள். விளம்பரத்தில் அவர் படத்தைப் போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். புதிதாக ஒரு கருவி செய்திருந்தார்கள். தலைக்கு மேலே குல்லா வேண்டாம், மண்டைக்குள்ளேயே கம்பி. சொல் இன்னும் வேகமாக, இன்னும் தெளிவாக வரும். அதை முதன்முதலில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இத்தனை இணக்கமான மனிதர் கையில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?

ரெஜினால்ட் வீட்டுக்கே வந்து விளக்கினார். மகன் தினகர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். நல்ல பிள்ளை. அப்பாவுக்கு எது புதியதோ அதுதான் சிறந்தது என்று நம்புகிறவர்.

“ரிஸ்க் எதுவும் இருக்குங்களா சார்?” என்று தினகர் கேட்டார்.

“எல்லா ஆபரேஷன்லயும் இருக்கிறதுதான். இருக்கிற கொஞ்ச நஞ்ச நினைவும் கலையலாம். மயக்கம் தெளியாமலும் போகலாம்னு ஒரு வரி போட்டிருக்கோம். சட்டத்துக்காகப் போடறது.”

“அப்பா என்ன சொல்வாரோ...”

“அதுதான் அழகே. சட்டப்படி அவரே சம்மதம் சொல்லணும். முன்னாடி மாதிரி நீங்க கையெழுத்துப் போட்டுக் குற்ற உணர்ச்சியில தவிக்க வேண்டாம். அவரையே கேட்டுருவோம்.”

ஒரு புதன்கிழமை பகலில் அதை விழா மாதிரி நடத்தினார்கள். கேமரா வைத்தார்கள். படுத்திருந்தவருக்குச் சால்வை போர்த்தினார்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டார். ரெஜினால்ட் குனிந்து, தெளிவாக, உண்மையிலேயே மிக மரியாதையாகக் கேட்டார்.

“ஐயா, இந்த ஆபரேஷனுக்கு உங்களுக்குச் சம்மதமா?”

என் திரையில் ‘டா’ வந்தது. ‘வே’ வந்தது. ‘ம்’ வந்தது. ‘ண்’ வந்தது. பெட்டி மூன்று புள்ளிகளைக் காட்டியது. அதற்கு ‘யோசிக்கிறார்’ என்று அர்த்தமாம். எழுத்துகள் மறுபடி வந்தன. மறுபடி வந்தன. நான் எழுந்து நின்றேன், ரெஜினால்ட் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். திரை நிறைந்து வழிந்தது. அந்த நாலு எழுத்துகளைத் தவிர வேறொன்றும் இல்லை. திருஞானம் என்னைப் பார்த்தார். என் கையில் இருப்பதில் என்ன தெரிகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“சார், அவர் வேண்டாங்கறார்” என்றேன்.

“பெனசீர், பதிவு ஓடிக்கிட்டிருக்கு. அவரைப் பேச விடுங்க” என்றார் ரெஜினால்ட்.

பேச விட்டார்கள். முறுக்குத் தட்டு காலியாகும்வரை பேச விட்டார்கள். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“சரி” என்றது பெட்டி.

கைதட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை வண்டி வரும் என்றார்கள். தினகர் லட்டு பிட்டு அப்பா உதட்டில் வைத்துவிட்டு, ஊருக்குப் போய் லீவு சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினார்.

வாசலில் ரெஜினால்டைப் பிடித்தேன்.

“சார், அந்தப் பெட்டிக்கு ‘வேண்டாம்’னு ஒரு சொல் இருக்கிறதே தெரியாது. தெரியாத சொல்லை அது எப்படிச் சொல்லும்?”

“ஆனா ‘சரி’ன்னு அவரே சொன்னாரு. அது நிஜமா அவரு மூளையில இருந்து வந்ததா இல்லையா?”

“வந்தது. ஓஞ்சு போய் வந்தது.”

“மனுஷங்க எல்லாச் ‘சரி’யும் அப்படித்தான் சொல்றாங்க பெனசீர். நான் இந்த வேலைக்குச் சரின்னது எப்படின்னு நினைக்கிறீங்க?” அவர் சிரித்தார். “சட்டம் கேக்கிறது ஒரு சரி. அதுக்கு முன்னாடி என்ன நினைச்சாருன்னு யாரும் கேக்கலை.”

“பெட்டிக்கு அந்தச் சொல்லைத் திருப்பிக் கத்துக் குடுங்க.”

“நாம குடுக்க முடியாது. வீட்டாரே இறுதி. அவங்க வாயால அந்த வார்த்தையைச் சொல்லணும், அவரும் அதையே நினைக்கணும், அப்பப் பச்சையை அமுக்கணும். அந்தம்மா செய்வாங்களா?”

செய்ய மாட்டார் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் காலை நான் போனபோது அம்மா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகப் பை அடுக்கிக்கொண்டிருந்தார். துண்டு, பிளாஸ்க், சாமி படம் ஒன்று. நான் சுற்றி வளைக்கவில்லை. திருஞானம் நேற்று என்ன சொன்னார், பெட்டி எதை விழுங்கியது என்று முழுவதையும் சொன்னேன். அம்மா துண்டை மடித்துக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்படவே இல்லை.

“தெரியும் பாப்பா” என்றார்.

“என்னம்மா தெரியும்?”

“அவரு வேணாங்கறாருன்னு. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அந்த மூஞ்சி எதுக்கு எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? வலிக்குதுன்னும் தெரியும். விபூதி பூசினா வலி போகாதுன்னும் தெரியும்.”

“அப்புறம் ஏம்மா?”

அம்மா மடித்த துண்டை மறுபடி பிரித்தார்.

“பொட்டி ‘சந்தோஷம்’னு சொல்லுச்சு. அவரு குரல்ல. கல்யாணமான நாளா அந்தக் குரல்ல நான் அதைக் கேட்டதே கெடையாது. பொய்யின்னு தெரியும். இருந்தாலும் கேக்க நல்லா இருந்துச்சு. தேவதை அது இதுன்னு உங்கிட்டச் சொன்னேன். அதுவும் நெசந்தான். ஆனா அது மட்டும் இல்லை.”

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பெட்டிக்கு அந்தச் சொற்களை மீண்டும் கற்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

“என் வாயால, அவரு மூஞ்சிக்கு நேரா, அந்த வார்த்தைய நான் சொல்லணுமா?”

“ஆமாம்மா.”

“சொன்ன மாதிரியே ஆயிருச்சுன்னா?”

“திங்கக்கெழமை வண்டில ஏத்தினா ஆகாதுன்னு யாராவது சொன்னாங்களா?”

அம்மா எழுந்தார். சமையலறைக்குப் போனார், குக்கர் சத்தம் கேட்டது. நான் போகலாமா இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தார். பூஜை அலமாரிக்குப் போய், சாமி படங்களுக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டார். பையில் வைத்திருந்த சாமி படத்தையும் எடுத்து உள்ளே வைத்து, அலமாரிக் கதவையும் சாத்தினார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

“என்னங்க, நான் ஒண்ணு சொல்லுவேன். நீங்களும் அதையே நெனைங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

அவர் பார்த்தார்.

“வேண்டாம்” என்றார் அம்மா. குரல் வெளியே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். “வேண்டாம்.”

என் திரையில் நாலு எழுத்துகள் மளமளவென்று வந்து விழுந்தன. பச்சை. மறுபடி சொன்னார், மறுபடி பச்சை. மத்தியானம்வரை இதே வேலை. ‘இல்லை’ சொன்னார். ‘பயம்’ சொன்னார். ‘போதும்’ சொன்னார், அதைச் சொல்லும்போது கொஞ்சம் கோபமாகவே சொன்னார். ‘முடியாது’ சொன்னபோது திருஞானத்தின் இடப்பக்க உதடு மேலே போனது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ‘சாவு’ என்ற சொல்லை அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னார். ஒரு முறைக்கு மேல் அவரால் முடியவில்லை. நானும் கேட்கவில்லை.

‘வலி’ சொன்னதும் பெட்டி அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “வலி” என்றது. “வலி. தோள். வலி.” மாதக்கணக்கில் ஒரே பக்கமாகப் படுத்து அவர் தோள் பிசகியிருந்தது. குடும்ப டாக்டரை வரச் சொன்னோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று நோயாளியைக் கடிந்துகொண்டார். மாத்திரை கொடுத்தார். அன்று சாயங்காலம் திருஞானம் அழுத்தமாகத் தூங்கினார். அம்மா கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். விபூதிக் கிண்ணத்தை எடுத்து எங்கோ பின்னால் வைத்துவிட்டார்.

வெள்ளி, சனி, ஞாயிறு அந்த வீட்டில் நல்ல வார்த்தை என்று ஒன்று கேட்கவில்லை. ரசத்தைப் பற்றித் திருஞானம் “உப்பு” என்றார். டிவியைப் பார்த்து “போதும்” என்றார். பழக்கூடையோடு மறுபடி வந்த கட்டடக்காரரிடம் “முடியாது” என்றார். அவர் அதற்கும் அழுதார். ஞாயிறன்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி விஷயத்தை எந்தப் பூச்சும் இல்லாமல் கேட்டார்.

“ஆபரேஷன் வேண்டாம்” என்றது பெட்டி. பிறகு, வெகுநேரம் கழித்து, “பயம்” என்றது.

“எனக்குந்தான்” என்றார் அம்மா.

திங்கட்கிழமை காலை வண்டி வந்தது. ரெஜினால்ட், வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர், ஸ்ட்ரெச்சர், கேமரா. தினகரும் விடியற்காலை ரயிலில் வந்து சேர்ந்திருந்தார். அம்மா அவர்களைக் கட்டிலருகே அழைத்துப் போனார்.

“இன்னொரு தரம் கேளுங்க” என்றார்.

ரெஜினால்ட் சிரித்துக்கொண்டே கேட்டார். பெட்டி யோசிக்கவே இல்லை.

“வேண்டாம். ஆபரேஷன் வேண்டாம். முடியாது.”

தினகர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ‘முடியாது’வைச் சின்ன வயதில் அவர் நிறையக் கேட்டு வளர்ந்திருப்பார். முகம் என்னவோ ஆனது. ரெஜினால்ட் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“நல்ல வேலை பெனசீர், நன்றி. நாளையிலேருந்து வர வேண்டாம்.” பிறகு அம்மாவிடம் கனிவாகச் சொன்னார்: “மேடம், நீங்க கவலைப்பட வேண்டாம். இவ்வளவு நாள் சந்தோஷமா இருந்தவரு திடீர்னு இப்படிப் பேசறாருன்னா, மூளையில பாதிப்பு அதிகமாகுதுன்னு அர்த்தம். அதனாலதான் ஆபரேஷனை அவசரமாப் பண்ணணும்.”

“அப்ப அன்னிக்கு ‘சரி’ன்னது?”

“அது தெளிவா இருக்கும்போது சொன்னது. அதுதான் சட்டப்படி செல்லும். இது பயத்துல சொல்றது. நீங்க வழியனுப்பி வச்சாப் போதும், மீதியை நாங்க பாத்துக்கறோம்.”

“அம்மா, சார் சொல்றதும்...” என்று தினகர் ஆரம்பித்தார். அம்மா அவரைப் பார்த்தார். தினகர் நிறுத்திக்கொண்டு, அப்பாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தார்.

வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள். அம்மா எழுந்து அதன் கைப்பிடியைப் பிடித்தார். கூடத்தின் வழியாக வாசற்படி வரை அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். ரெஜினால்ட் இன்னும் சிரித்த முகமாகவே இருந்தார். படி இறங்கி நின்று கடைசியாக ஒன்று சொன்னார்.

“உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது மேடம். ‘வேண்டாம்’, ‘முடியாது’ ரெண்டையும் அடுத்த மாடல்ல தனி வசதியாவே கொண்டு வர்றோம். வேணுங்கறவங்க போட்டுக்கலாம். உங்களுக்குச் சலுகையில தர்றோம். யோசிச்சு வைங்க, அடுத்த வாரம் நான் வர்றேன்.”

அம்மா கைகூப்பினார். வாழ்நாள் முழுக்க வாசலில் நின்று எத்தனையோ பேரை அனுப்பி வைத்தவர். பால்காரரிலிருந்து கடன் கேட்டு வந்தவர் வரை, யாரையும் அவர் அரைகுறையாக அனுப்பியதில்லை.

“போங்க” என்றார்.

ரெஜினால்டும் திருச்சிக்காரர்தான். மிச்ச வார்த்தைக்காகத் தலையை லேசாகச் சாய்த்தபடி படியிலேயே நின்றார். அம்மா கதவைச் சாத்தினார்.